அவரைப் பந்தலும் ஒரு தெருவிளக்கும்

போன கார்த்திகை மாதம் ஒருநாள் இரவு எட்டு மணிபோல எங்கட ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் ரோச் லைற்றைப் பெரியம்மா வீட்டு வேலிப்பக்கம் அடித்தார். வேலிக்கு மேலால் கறுத்தப் பொலித்தீன் திரைச்சீலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அந்தப் பக்கம் ஏதோ பச்சையாகப் படர்ந்திருப்பது மட்டும் தெரியும்.

"உதுக்குப் பின்னால என்ன வச்சிருக்கிறியள்?"

"அவரை, சேர்."

"அவரைக்கு எதுக்குக் கறுத்தப் பொலித்தீன்?"

நாங்கள் ஐந்து பேர் அங்கே நின்றோம். ஒருவருக்கும் உடனே வாய் வரவில்லை. உண்மையான பதிலைச் சொல்ல வெளிக்கிட்டால் அது பொய்யைவிட மோசமாகக் கேட்கும் என்று எங்களுக்குத் தெரியும். "அதுக்கு இரவில வெளிச்சம் படக்கூடாது சேர், பட்டால் பூக்காது" என்று எங்களில் ஒருத்தி கடைசியில் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர் மற்றவருக்குச் சிங்களத்தில் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "கஞ்சா வளர்க்கிறவையும் இப்பிடித்தான் கறுத்தப் பொலித்தீனால மூடுறவை."

இந்தக் கதையை இங்கே எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தோம். எழுதத்தான் இவ்வளவு நாள் போய்விட்டது. முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

விளக்கில் இருந்துதான் தொடங்கவேண்டும். எங்கட ஒழுங்கை பெரிய வீதியில் இருந்து உள்ளே வந்து, நடுவில் ஒரு முடக்குத் திரும்பி, வயல்கரையில் முடியும். அந்த முடக்கில் இரவில் ஒரு வெளிச்சமும் இல்லை. ரியூசன் முடிந்து ஏழு மணிக்குச் சைக்கிளில் வரும் பெண்பிள்ளைகளுக்கு அந்த முடக்கு என்றால் நெஞ்சு இடிக்கும். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு நிற்கிறவர்கள், பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கிறவர்கள், ஒருமுறை ஒருத்தியின் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்து நிற்பாட்டியவன். வீட்டில் சொன்னால் "அப்ப ரியூசனை நிப்பாட்டு" என்பார்கள். அதனால் சொல்லாமலே இருந்தோம். பிறகு ஐந்து பேராகச் சேர்ந்து ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கி, உரிய அலுவலகத்தில் கடிதம் கொடுத்தோம். மூன்று தரம் போனோம். கடைசியில் புரட்டாதி மாதம் வந்து கம்பத்தில் எல்.ஈ.டி விளக்குப் பூட்டினார்கள். அந்த இரவு நாங்கள் சும்மா அந்த முடக்கில் போய் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் கேட்டு எங்களுக்குக் கிடைத்த முதல் பொதுச் சாமான் அது.

அந்த விளக்குக் கம்பம் பெரியம்மா வீட்டு வேலியோடு நிற்கிறது.

பெரியம்மா எங்களில் ஒருவருக்குத்தான் சொந்தப் பெரியம்மா. மற்றவர்களுக்கும் அவ பெரியம்மாதான். தனிய இருக்கிறா. காணிக்குள் கத்தரி, வெண்டி, வேலியில் முருங்கை, ஒழுங்கைப் பக்கமாக ஒரு அவரைப் பந்தல். மார்கழியிலும் தையிலும் அவரைக்காய் பிடுங்கித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொடுத்துவிடுவா. பெரிய வருமானம் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் அவ யாரிடமும் கை நீட்டத் தேவையில்லை.

அந்த அவரை கடையில் வாங்கிய விதை இல்லை. பெரியம்மாவின் அம்மா வைத்திருந்த இனம். காய் அகலம், ஓரத்தில் ஊதா நிறக் கரை. ஒவ்வொரு வருசமும் கடைசிக் காய்களைப் பிடுங்காமல் கொடியிலே முத்த விட்டு, காய வைத்து, சாம்பலோடு கலந்து போத்தலில் போட்டு வைப்பா. அதற்கு முந்தின வருச மழைக்கு வீடு ஒழுகி அந்தப் போத்தலுக்குள்ளும் ஈரம் போய்விட்டது. பூஞ்சணம் பிடிக்காமல் மிஞ்சியது ஒரு கைப்பிடி விதைதான். அவ்வளவையும் ஆடியில் ஊன்றினா. முளைத்து நின்றது நாலு கொடி. இரண்டு கிணற்றுப் பக்கம், இரண்டு ஒழுங்கைப் பக்கம். போத்தலில் ஒன்றும் மிச்சம் இல்லை.

ஐப்பசி முடிகிற நேரம் கிணற்றுப் பக்கக் கொடிகளில் பூங்கொத்து எட்டிப் பார்த்தது. ஒழுங்கைப் பக்கம் இலைதான். அதுவும் எப்படிப்பட்ட இலை! கையளவு, கரும்பச்சை, பந்தலை மூடி வேலிக்கும் தாவி, விளக்குக் கம்பத்திலும் சுற்றப் பார்த்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் இலைக்காம்பு அடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பா. பூ வருகிறதென்றால் அந்த இடத்தில்தான் வரும். ஒரு சின்னக் கூர்முனை போல முதலில் தெரியும். அது தளிராகவும் இருக்கலாம், பூந்தண்டாகவும் இருக்கலாம். தளிர் என்றால் நுனியில் இலை மடிந்திருக்கும். பூந்தண்டு என்றால் நேராக நிமிர்ந்து, பக்கத்தில் பக்கத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நாங்களும் பார்க்கப் பழகினோம். வந்ததெல்லாம் தளிர்தான்.

முதலில் ஆட்டெருவைக் குற்றம் சொன்னோம். எரு கூடினால் கொடி இலையிலே ஊன்றி நிற்கும், பூக்காது என்பது சரியான கதைதான். ஆனால் நாலு கொடிக்கும் ஒரே கடகத்தால்தான் எரு போட்டது. தண்ணீரும் ஒன்று. பூச்சியும் இல்லை. பக்கத்து வீட்டு மாமி "கண்ணூறு" என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டா. பெரியம்மா வேறு ஒன்று சொன்னா: "உந்த லைற் வந்தாப் பிறகுதான் பிள்ளையள் இது இப்பிடி நிக்குது."

எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த லைற் எங்கட லைற். அதைக் குற்றம் சொல்ல ஒழுங்கையில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பூச்சி பறக்குது என்று ஒருவர், நித்திரை வருகுதில்லை என்று ஒருவர். நாங்கள் அவவிடம் கொஞ்சம் எரிச்சலாகவே கதைத்தோம். "வெளிச்சம் இருந்தா செடி இன்னும் நல்லாத்தானே பெரியம்மா வளரும்?" என்று கேட்டோம். "வளருதுதானே" என்றா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களில் இரண்டு பேர் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவர்கள். குறும்பகல் தாவரம், நெடும்பகல் தாவரம் என்று பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கியாச்சு. அது எங்கட வேலிக்குள் நடக்கிற விசயம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இரவு பந்தலுக்குக் கீழே நின்றபோதுதான் கண்ணில் பட்டது. பூத்த கொடிகளும் பூக்காத கொடிகளும் நடுவில் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. பூ எங்கே நின்றுவிடுகிறதோ, அங்கேதான் விளக்கு வெளிச்சமும் விழத் தொடங்குகிறது. மாமரத்து நிழல் அந்தப் பந்தலில் கோடு கீறிய மாதிரி இருந்தது.

பிறகு தேடித்தேடி வாசித்தோம். வாசித்ததைச் சுருக்கிச் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் ஆனி மாதத்தின் மிக நீண்ட பகல் பன்னிரண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மார்கழியின் மிகக் குறுகிய பகல் பதினொன்றரை மணித்தியாலம் போல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும்தான். எங்களுக்கு அது தெரிவதே இல்லை. பழைய அவரை இனங்களுக்குத் தெரியும். பகல் குறுகி இரவு நீளுகிறபோது இலை அதைக் கணக்கெடுத்து, "இனிப் பூக்கலாம்" என்ற செய்தியைக் கொடியின் நுனிகளுக்கு அனுப்பும். ஆடியில் ஊன்றி மார்கழியில் காய் பிடுங்குவது எங்கட ஆட்கள் காரணமில்லாமல் பழகிய வழக்கமில்லை. எப்போது ஊன்றினாலும் அது பூக்கப்போவது இரவு நீண்ட பிறகுதான். ஆடியில் ஊன்றினால் பூக்கிற காலம் வரமுன் கொடி பந்தலை நிறைத்துவிடும்.

முக்கியமான விசயம், செடி அளப்பது பகலை இல்லை, இரவை. 1938 இல் ஹம்னர், பொனர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மருளூமத்தைச் செடியில் இதைக் காட்டினார்கள். பகலின் நடுவில் கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் அது கவலைப்படாது. ஆனால் நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே போதும், அது பூக்காது. ஒரு நீண்ட இரவு அதற்கு இரண்டு சின்ன இரவாகத் தெரியும். இலையில் உள்ள பைற்றோகுறோம் என்ற நிறப்பொருள்தான் இந்த வேலையைச் செய்கிறது. அதற்குச் சிவப்பு ஒளி பட்டால் பகல். வெள்ளை விளக்கு வெளிச்சத்துக்குள் அந்தச் சிவப்பும் இருக்கிறது.

நிலா வெளிச்சம் குழப்பாதா என்று எங்களுக்கும் கேள்வி வந்தது. முழுநிலவின் வெளிச்சம் நிலத்தில் 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. ஒரு தெருவிளக்கின் கீழ் அதைவிடப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு வெளிச்சம் இருக்கும். நிலா கோடிக்கணக்கான வருசமாக வருகிற ஆள். எங்கட விளக்கு புரட்டாதியில் வந்தது. யப்பானில் நெல்வயல் ஓரத்துத் தெருவிளக்குகளால் கதிர் பிந்துவதைப் பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோயா வயலில் தெருவிளக்குக்குக் கீழே மட்டும் வட்டமாகப் பச்சை நிற்கும், மற்றப் பக்கமெல்லாம் பழுத்துக் காய்ந்திருக்கும்.

பெரியம்மா சொன்னது சரி. அவவிடம் போய் அதைச் சொன்னோம். அவ பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டா.

இதில்தான் எங்களுக்குள்ளே பிரச்சினை வந்தது. ஒருவன் சொன்னான், இரவில் பல்பைக் கழற்றிவிடுவோம், மாசி மட்டும்தானே. இரண்டு பெண்பிள்ளைகள் அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. "நீ எட்டு மணிக்கும் அந்த முடக்கால பாட்டுப் பாடிக்கொண்டு போவாய். எங்களுக்கு அப்பிடியோ?" என்றாள் ஒருத்தி. இன்னொருவன், "கடையில குற்றை அவரை விதைப் பைக்கற் இருக்கு, அது எந்த மாதமும் காய்க்கும், வாங்கிக் குடுப்பம்" என்றான். அதுவும் உண்மைதான். பகல் நீளத்தைப் பாராமல் பூக்கிற மாதிரித்தான் புது இனங்களை உருவாக்குகிறார்கள். எங்கட நெல்லிலும் அதே கதை. மாவீ போன்ற பழைய இனங்கள் நாள் பார்த்துக் கதிர் தள்ளும், அதனால் பெரும்போகத்துக்குத்தான் சரி. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த பி.ஜி. இனங்கள் பெரும்பாலும் அப்படி நாள் பார்ப்பதில்லை, இரண்டு போகமும் விதைக்கலாம். அதனால்தான் நாங்கள் சோறு தின்கிறோம் என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் பெரியம்மாவுக்கு வேண்டியது ஏதோ ஒரு அவரை இல்லை. "கிணத்தடியில ரெண்டு கொடி பூத்திருக்குத்தானே, விதை வரும்தானே" என்றும் ஒருவன் கேட்டான். அடுத்த கிழமை பெய்த மழையில் அந்தப் பூக்களில் பாதிக்கு மேல் உதிர்ந்து போனது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கறுத்தப் பொலித்தீன் வாங்கினோம். பந்தலை மூடவில்லை, மூடினால் அவிந்துவிடும். விளக்குப் பக்கம் மட்டும் இரண்டு தடி நட்டு, கயிறு கட்டி, திரை மாதிரித் தொங்கவிட்டோம். பின்னேரம் ஆறு மணிக்கு விளக்குப் பத்தமுன் இழுத்துவிடுவது, காலை வெளிச்சம் வரச் சுருட்டிக் கட்டுவது. முறை போட்டுச் செய்தோம். ஒருநாள் மழைக்குள், ஒருநாள் காய்ச்சலோடு, ஒருநாள் பரீட்சைக்கு முதல் நாள். ஒருநாள் விட்டால் முழுக்கப் பிழைத்துவிடுமா என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் விடவில்லை.

ஒவ்வொரு நாளும் இருட்டுகிற நேரம் ஐந்து இளம் ஆட்கள் ஒரு கிழவி வீட்டு வேலியில் கறுத்தப் பொலித்தீன் இழுத்துவிட்டால் ஊர் என்ன நினைக்கும்? நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. பேப்பரைத் திறந்தால் கிழமைக்கு ஒருதரம் "கேரள கஞ்சாவுடன் இளைஞர் கைது" என்று வருகிற ஊர் இது. யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு இரவு நடந்ததைச் சிரித்துச் சிரித்து இப்போது சொல்கிறோம். அப்போது சிரிப்பு வரவில்லை. எங்களில் ஒருவன் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்துவிட்டுப் பொலிஸ் சான்றிதழுக்குக் காத்திருந்தான். அவனுக்குக் கால் நடுங்கியது. செடியே இல்லை என்றாலும், "விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனவை" என்ற ஒரு வசனம் ஒழுங்கையில் நடந்து திரிய வெளிக்கிட்டால், பிறகு அதை யாரும் திருப்பிக் கூப்பிட ஏலாது. பெண்பிள்ளைகளுக்கு அதுவும் வேறு மாதிரி நடக்கும். ரியூசனே நின்றுபோகும்.

பெரியம்மாதான் கேற்றைத் திறந்தா. "வாங்கோ தம்பி, வந்து பாருங்கோ" என்று அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டுபோய், பந்தலுக்குக் கீழே நிறுத்தி, கிணற்றுப் பக்கம் மிஞ்சியிருந்த பூவையும் ஒழுங்கைப் பக்கத்து வெறும் இலையையும் காட்டினா. மூன்று இலையாகச் சேர்ந்த அவரை இலை கஞ்சா இலை மாதிரியே இல்லை. கைவிரல் போலப் பிரிந்த மரவள்ளியிலோ புளிச்சையிலோ என்றால் ஒருவேளை மயக்கம் வரலாம். தமிழ் தெரிந்தவர் ஒரு இலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கட அம்மாவும் அவரை வச்சிருக்கிறவ" என்றார். மற்றவர் பொலித்தீனைக் கொஞ்சம் விலக்கி விளக்கைப் பார்த்தார். பெயர் விபரம் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அவர் முதலில் சொன்ன அந்த வசனம் எங்களை விட்டுப் போகவில்லை. கஞ்சாவை ஏன் கறுத்தப் பொலித்தீனால் மூடவேண்டும்? ஒளிக்கவா?

ஒளிக்க மட்டும் இல்லை. கஞ்சாவும் அவரை மாதிரித்தான், இரவு நீண்டால்தான் பூக்கும். இதைத் தேடிப்போன இடத்தில்தான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் கிடைத்தது. செடிகள் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பதை உலகத்தில் முதலில் கண்டுகொண்ட செடிகளில் ஒன்றே கஞ்சாதான்.

பிரான்சில் யூலியன் தூர்னுவா என்ற தாவரவியலாளர் கஞ்சா இனத்துச் சணலையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹொப் கொடியையும் வைத்து ஆராய்ச்சி செய்தார். அவருக்கு முதலில் வேண்டியது ஆண், பெண் விசயம். கஞ்சா எங்கட பனை மாதிரி, ஆண் வேறு, பெண் வேறு. வளரும்போது இரண்டும் ஒன்றுதான். பூக்கிற காலம் நெருங்கத்தான் தெரியும். அதுவரை சோடி சோடியாக எதிர் எதிரே வந்த இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரத் தொடங்கும். கணுவில், இலைக்காம்பு தண்டோடு சேருகிற மூலையில், ஆண் என்றால் சின்ன உருண்டை மொட்டு வரும், பெண் என்றால் வெள்ளை மயிர் போல இரண்டு இழை எட்டிப் பார்க்கும். பெரியம்மா இலைக்காம்பைத் தூக்கிப் பார்க்கிற அதே இடம். தூர்னுவா கண்டது என்னவென்றால், கோடையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூக்கவேண்டிய செடி, குளிர்காலக் கடைசியில் கண்ணாடி வீட்டுக்குள் விதைத்தால் சாண் உயரத்திலேயே பூத்துவிடுகிறது. சூடா, ஈரப்பதனா, மண்ணா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். மிஞ்சியது வெளிச்சம். வேண்டுமென்றே செடிகளுக்கு ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம் மட்டும் வெளிச்சம் கொடுத்து, முந்திப் பூக்க வைத்தார். 1912 இல் அதை வெளியிட்டார். 1914 இல் எழுதியபோது, காரணம் பகல் குறுகுவதைவிட இரவு நீளுவதாக இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். அதே வருசம் முதலாம் உலகப் போர் தொடங்கியது. அவர் போர்முனைக்குப் போனார், திரும்பவில்லை.

போரில் பாதியில் நின்ற வேலைகளைப் பற்றி எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த இடத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

பாடப்புத்தகத்தில் பெயர் வருகிறவர்கள் அமெரிக்காவின் கார்னரும் அலார்டும். அவர்களுடையது புகையிலை. மேரிலண்ட் மமத் என்ற இனம் இலை இலையாக வளர்ந்துகொண்டே போகுமே தவிர, குளிர் வந்து கொல்லமுன் வயலில் பூக்காது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கேட்டால் "நல்லதுதானே" என்பார்கள். இங்கே புகையிலைக்குப் பூ வந்தால் முறித்து எறிந்துவிட்டு இலையைத்தானே பார்க்கிறோம். ஆனால் பூ இல்லை என்றால் விதை இல்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் பிரச்சினை ஒன்றுதான். 1918 யூலையில் அவர்கள் செடிகளைப் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு இருட்டுக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்து, அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு நாளும். பூத்தது. 1920 இல் அதை எழுதி வெளியிட்டார்கள். எங்கட பொலித்தீன் முறைக்கு நூறு வருசத்துக்கு முந்தின தமையன் அது.

கஞ்சாவிலும் நாள் பார்க்காத ஒரு வகை இருக்கிறது. உருசியா, மத்திய ஆசியாப் பக்கத்துக் குட்டைச் செடி, ரூடெராலிஸ் என்று பெயர். அங்கே கோடை குறுகியது, இரவு நீளும்வரை காத்திருந்தால் குளிர் முந்திவிடும். அதனால் அது நாளைப் பாராமல், வயது வந்தால் பூக்கும். கடைப் பைக்கற்றில் வருகிற குற்றை அவரையின் குணம் அதற்கு இயற்கையாகவே இருக்கிறது.

இதையெல்லாம் வாசித்ததை வெளியில் சொல்ல எங்களுக்குப் பயமாக இருந்தது. கஞ்சா என்ற சொல்லை வீட்டில் சொல்ல ஏலாது. ஆயுர்வேத மருந்துக்கு அனுமதித்ததைத் தவிர இந்த நாட்டில் அது சட்டவிரோதம். அதனால் அழிந்துபோன பெடியளையும் எங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் எங்கட வகுப்பில் இருந்தவன். அந்தச் செடியை நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் ஒரு செடியை அதன் பெயரைக் கேட்டவுடனே பார்க்காமல் விட்டால், அவரை ஏன் பூக்கவில்லை என்பதும் விளங்காமல் போயிருக்கும். ஐந்து பேரையும் பார்த்து அப்படித்தான் யாரோ முடிவெடுத்தார்கள். அவர்கள் பந்தலுக்குக் கீழே வந்து பார்க்கவில்லை. பார்த்தது பொலித்தீனை மட்டும்.

மார்கழி பிறந்து சில நாளில், திரை கட்டி நாலாவது கிழமை, ஒழுங்கைப் பக்கக் கொடியில் முதலாவது பூந்தண்டைக் கண்டோம். நேராக நிமிர்ந்து, பக்கத்தில் பக்கத்தில் முடிச்சு முடிச்சாக. கண்டவள் கத்திய கத்தலில் பெரியம்மா பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தா. பிறகு ஒவ்வொரு கணுவிலும் வந்தது. ஊதாவும் வெள்ளையும். பொங்கலுக்குக் காய் பிடுங்கக் காணாது, பொங்கல் முடிந்துதான் பிடுங்கினோம். சந்தைக்குப் போனது போன வருசத்தில் பாதிகூட இல்லை. அந்தக் காசு அவவுக்கு வராமல் போனது எங்கட விளக்கால்தான். அதை நாங்கள் மறைக்கவில்லை.

பொலிசுக்கு யார் சொன்னது என்று இன்னும் தெரியாது. அதனால் முதற் பிடுங்கலில் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரு கைப்பிடி அவரைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு வீட்டில் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். ஒரு வீட்டில் கறி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

விளக்குப் பூட்டித் தந்த அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் கொண்டுபோனோம். விளக்கை எடுக்கச் சொல்லவில்லை. பந்தல் பக்கம் மட்டும் ஒரு தகரம் வைத்து மறைத்துத் தாருங்கள், வெளிச்சம் ஒழுங்கையில் விழட்டும் என்று எழுதினோம். வாங்கியவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "முதல் வந்து வெளிச்சம் கேட்டியள், இப்ப வந்து இருட்டுக் கேக்கிறியள்" என்றார். ஓம், இரண்டும் வேணும் என்றோம். வீதிக்கு ஒன்று, பந்தலுக்கு ஒன்று.

மாசிக் கடைசியில் முத்திய காய்களை உடைத்து விதை எடுத்தோம். இம்முறை ஒரு போத்தலில் வைக்கவில்லை. ஆறாகப் பிரித்தோம், பெரியம்மாவுக்கு ஒன்று, எங்கட ஐந்து வீட்டுக்கும் ஒவ்வொன்று. ஒரு வீடு ஒழுகினாலும் மற்ற வீட்டில் இருக்கும்.

இந்த ஆடியில் ஊன்றியாச்சு. பெரியம்மா பந்தலில் ஆறு கொடி, எங்கட வீடுகளிலும் ஒன்றிரண்டு. தகரம் இன்னும் வரவில்லை. பொலித்தீனைக் கழுவி மடித்து வைத்திருக்கிறோம். புரட்டாதி பிறக்கத் திரும்பக் கட்டவேண்டும். இம்முறை கட்டமுன் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவோம்.